மூன்றாம் தரம் கூப்பிட்டால்

படிக்கட்டு விளக்கு அணையவில்லை.

வேறு யாருக்கும் இது ஒரு விஷயமாகவே பட்டிருக்காது. ஆனால் அந்தக் கட்டடத்தில் குடியிருந்தவர்களுக்கு அந்த விளக்கின் கஞ்சத்தனம் நன்றாகத் தெரியும். கீழ்க்கதவடியிலோ மாடிகளிலோ சுவிட்சை அழுத்தினால் மாடிப்படி முழுவதும் வெளிச்சம் வரும்; நல்ல சீவன் உள்ள ஒருவன் மூன்றாம் மாடியைத் தொடுவதற்குள் 'டிக்' என்று தானாக அணைந்துவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதில் ஜெர்மன்காரரை யார் மிஞ்ச முடியும்? பிரவீணன் லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தின் நான்காம் மாடியில், உச்சி வீட்டில் இருப்பவன். அவன் வெங்காயம் உரிக்கத் தொடங்கியபோது வாசல் கதவின் மங்கல் கண்ணாடி மஞ்சளாகத் தெரிந்தது. வெங்காயம் வெட்டி, தாளித்து, பருப்பும் அவிந்து முடிந்த பிறகும் அது மஞ்சளாகவே இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தான். பான் நகரத்துக் குளிர்கால மாலை, மணி ஐந்துதான் இருக்கும், வெளியே நன்றாக இருட்டிவிட்டது. தெருவில் ட்ராம் உராய்ந்து போகும் சத்தமும், கீழ்வீட்டுக் கிழவி லொறென்ஸ் அம்மாளின் தொலைக்காட்சி இரைச்சலும், குளிர்சாதனப் பெட்டியின் முனகலும் ஒவ்வொன்றாக விலகிப்போக, அவற்றுக்கெல்லாம் அடியில் யாரோ படியேறுகிற சத்தம் கேட்டது. இரண்டு மூன்று படி. பிறகு ஒரு நிற்பு. மூச்சு வாங்கும் ஓசை, அடியில் தண்ணீர் தேங்கிய குழாயில் காற்றை ஊதினால் வருமே, அதைப் போல. விளக்கு அணையப் போகிற நேரத்தில் யாரோ சுவிட்சை மறுபடி அழுத்துகிறார்கள். பிறகு மறுபடியும் இரண்டு மூன்று படி.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. ஆனால் லொறென்ஸ் அம்மாள் வாராவாரம் தேய்க்கும் தரை மெழுகின் வாசனை இருக்க வேண்டிய இடத்தில், ஈரச் செங்கல்லும் புறா எச்சமும் கலந்த நாற்றம் எழும்பி வந்தது. அந்த நாற்றத்தை அவன் வாழ்நாளில் ஒரே ஒரு இடத்தில்தான் மணந்திருக்கிறான்.

"ஆரப்பா?" என்று பின்னால் நின்று கேட்டாள் மகள் யதுசா.

"ஒருத்தருமில்லை. நீ போய்ப் படி."

அவள் போகவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை, தாயைப் போலவே மெலிந்த உடம்பு. படிக்கட்டின் இருட்டு வளைவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன வருடம் கிறிஸ்மஸ் விடுமுறையில்தான் அவர்கள் மூவரும் காரில் இத்தாலிக்குப் போனார்கள். சியன்னாவைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் மிதுஷா, பிரவீணனின் மனைவி. எழுநூறு எண்ணூறு வருடத்துச் செங்கல் வீடுகள், வானத்தை ஒரு ரிப்பன் அளவுக்கு ஒடுக்கிவிடும் சந்துகள், சிப்பி போலச் சரிந்து விரியும் சதுக்கம் எல்லாவற்றையும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு முட்டு வருத்தம். சின்ன வயதிலிருந்தே இளைப்பு. விடுதியில் இரவு முழுவதும் இருமியிருந்தாள். காலையில் பிரவீணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "உம்மோடை ஒரு இடத்துக்கும் வர ஏலாது" என்றான். றைன் ஆற்றங்கரையில் ஓடி ஓடி உடம்பை வைத்திருப்பவன் அவன். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. நோயாளிகள் எல்லோரும் வேண்டுமென்றே இருமுகிறார்கள் என்பது அவன் உள்ளூர நம்பிய ஒன்று.

அவள் அன்று கோபுரம் ஏற வந்ததே அந்தச் சொல்லுக்காகத்தான். பின்தெரு ஒன்றில், பழைய பிரபுக்கள் எவரோ கட்டிய ஒல்லிக் கோபுரம். பைகளையும் பருமனான குளிர்கோட்டுகளையும் கீழேயே வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ஈரச் செங்கல்லும் புறா எச்சமும் நாறும் ஒடுக்கமான படி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். மிதுஷாவின் சுடிதாரில் பை இல்லை. ஆகவே தன் நீல நிற ஆஸ்மா ஸ்பிறேயைக் கணவனின் கையில் கொடுத்தாள்.

"இதை நீங்கள் வைச்சிருங்கோ. கேட்டா உடனை தாங்கோ, என்ன?"

அவன் அதைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் ஏறினான். யதுசா சூடான சொக்கலேட்டோடு கீழ் முற்றத்தில், டிக்கட் கொடுக்கும் பெண்ணின் பார்வையில் இருந்தாள்.

பாதி வழிக்கு மேல் போயிருப்பான். கீழேயிருந்து, "இஞ்சாருங்கோ" என்று கேட்டது. அவன் நிற்கவில்லை. இன்னும் ஒரு சுற்று ஏறியதும் மறுபடி, "இஞ்சாருங்கோ", இந்த முறை சொல்லின் கடைசிப் பகுதி காற்றாகவே போயிற்று. நடிக்கிறாள் என்று நினைத்தான். மூன்றாவதாக அவள் "பிரவீணன்" என்று கூப்பிட்டாள்.

அவள் அவன் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வளர்ந்த விதம் அப்படி. அலுவலகங்களில் கணவன் பெயர் என்னவென்று கேட்டால்கூட, அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அவன்தான் சொல்ல வேண்டும். அந்தக் குரலைக் கேட்டு அவன் நின்றான். பையைத் தடவினான். ஸ்பிறே இருந்தது. 'கொஞ்சம் கிடந்து இழுக்கட்டும்' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு மேலே ஏறினான். இதை அவன் யாருக்கும் சொன்னதில்லை, நாம் சொல்லுவோம். மேலே நின்று ஓட்டுக் கூரைகளையும் சதுக்கத்தையும் வளைத்து வளைத்துப் படம் எடுத்தான். அவற்றில் நல்லதாக ஒன்றை அங்கேயே நின்று வாட்ஸப்பில் எல்லோரும் பார்க்கப் போட்டான்.

இறங்கி வந்தபோது மிதுஷா படி திரும்பும் இடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செங்கல் தூள் அவள் நகங்களுக்குள் இருந்தது. சனம் வந்து பார்த்தபோது, நீல ஸ்பிறே அவள் வலக்கை விரல்களுக்குள் இருந்தது. அது எப்படி அங்கே போனது என்பது பிரவீணனுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

"கையிலை மருந்து இருந்தும் பாருங்கோவன், விதி" என்று ஜெர்மனித் தமிழர் கூடும் ஊன்ட்றொப் அம்மன் கோயிலடியில் சனம் இரங்கிச் சொன்னது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். எல்லோரையும் சமாளித்தவனுக்குப் பிள்ளை ஒருத்திதான் சங்கடமாக இருந்தாள்.

"அப்பா, அம்மா கூப்பிட்டவ. கீழை எனக்குக் கேட்டது. ஏன் நீங்கள் பேசேல்லை?"

அவனுக்கு உடனே வாய்க்கு வந்தது அந்தப் பழைய வழக்கம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆளைக் காணாமல் குரல் மட்டும் கேட்டால் வாய் திறக்கக் கூடாது, பேய் பிசாசு இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது, மூன்றாம் தரமும் கூப்பிட்டால் அது மனிதர், அப்போதுதான் 'ஓம்' சொல்ல வேண்டும்.

"ரெண்டு தரந்தான் கூப்பிட்டவ, பிள்ளை. உந்தப் பழைய இடங்களிலை ரெண்டு தரம் கூப்பிட்டாப் பேசக்கூடாது. மூண்டாந்தரம் கேட்டிருந்தா நான் ஓடி வந்திருப்பன்."

"எனக்கு மூண்டு கேட்டது."

"அது சுவரிலை பட்டுத் திரும்பின சத்தம்."

அவள் கண்ணை இமைக்காமல் அவனைப் பார்த்தாள். "அப்ப எப்பவும் மூண்டாந்தரம் மட்டும் பொறுக்கோணுமா?"

"ஓம். எப்பவும்."

பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

விளக்கு அணையாத அந்த மாலைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இருட்டும் நேரத்தில் படியேறும் சத்தம் வந்தது. முதலில் கீழ்மாடியோடு நின்றது. பிறகு லொறென்ஸ் அம்மாளின் வாசல்வரை வந்தது. ஒருநாள் அவன் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, கதவுக்கு வெளியே, படி திரும்பும் இடத்திலிருந்து மெதுவாக, அலுத்துப்போன குரலில், "இஞ்சாருங்கோ" என்று கேட்டது.

துவாயைத் தலையில் வைத்தபடியே நின்றான்.

"இஞ்சாருங்கோ."

அவ்வளவுதான். மூன்றாவது வரவில்லை. அன்றைக்கு அவனுக்குப் பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு தரம். அப்படியென்றால் இது மனிதர் இல்லை. பேசாமல் இருந்தால் போய்விடும். பேசாமல் இருப்பது அவனுக்குப் பழகிப்போன வேலைதானே.

ஆனால் அது போகவில்லை. அவன் மூச்சுத்தான் போகத் தொடங்கியது. நான்கு மாடியையும் ஓட்டமாக ஏறுகிறவன், இரண்டாம் மாடியில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வந்தது. நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றியிருப்பது போன்ற பாரம். நுரையீரல் மருத்துவரிடம் டெர்மின் என்கிற முன்பதிவு நேரம் எடுத்துப் போனான். குழாயில் ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். மருத்துவர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டி, இருபது வயதுப் பையனின் நுரையீரல் உங்களுக்கு, கொஞ்சம் ஓய்வெடுங்கள், மனைவியை இழந்தவர் அல்லவா என்றார். அந்த அறையிலும் ஈரச் செங்கல் நாறியது. மருத்துவருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

ஹம் நகரத்திலிருந்து தமக்கை அஜிதா தொலைபேசி எடுத்தாள். ஆட்டைத் திவசம் நெருங்கிவிட்டது. ஒரு வருடம் முடிந்து ஆத்துமாவை வழியனுப்பும் சடங்கு.

"ஐயரோடை கதைச்சிட்டன் தம்பி. உன்ரை வீட்டிலையே செய்வம். அதோடை அவவின்ரை கடமை முடிஞ்சுது. பேந்து மற்ற அலுவலைப் பாப்பம்."

"என்ன அலுவல் அக்கா?"

"என்ன, காலம் முழுக்கத் தனிய இருக்கப் போறியே? என்னோடை வேலை செய்யிற சந்திரகாந்தியின்ரை தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். நல்ல சுகதேகி. ஒரு வருத்தமும் இல்லை."

அவன் சிரித்தான். அதே நேரத்தில் தொலைபேசிக்குள், அக்காவின் குரலுக்குப் பின்னால், யாரோ மூச்சை இழுத்தார்கள். நீளமாக.

"அக்கா, உங்களோடை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தருமில்லையடா. நான் தனியத்தான் நிக்கிறன்."

திவசத்துக்கு முதல் நாள் பின்நேரம். படையலுக்கு நிறையச் சமைக்க வேண்டும். பெரிய சோற்றுப் பானை கீழே கெல்லரில், கட்டடத்துக்கு அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய நிலவறையில் கிடந்தது. அவன் இருட்டுவதற்கு முன் இறங்கிவிடத்தான் நினைத்தான். ஆனால் மரக்கறி வாங்கி வரவே நான்கரையாகிவிட்டது, யன்னல்கள் கறுத்துவிட்டன. லொறென்ஸ் அம்மாள் தன் மகன் வீட்டுக்குப் போயிருந்தாள். மற்ற வீடுகளிலும் வேலைக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை.

"யதுசா, நான் கீழை போய்ப் பானை எடுத்துக்கொண்டு வாறன். நான் கூப்பிட்டாக் கதவைத் திற. கையிலை பானை இருக்கும்."

"ஓம் அப்பா." அவள் தாயின் படத்துக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

இறங்கும்போது ஒன்றும் நடக்கவில்லை. நிலவறையில் பழைய சைக்கிள், காரின் கோடைகாலச் சில்லுகள், சியன்னாவுக்குக் கொண்டுபோன சூட்கேஸ். அதைப் பார்க்காமல் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். சுவிட்சை அழுத்தினான். வெளிச்சம் வந்தது. ஏறினான். முதல் மாடி தாண்டியது. இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்று, சுவிட்சை மறுபடி அழுத்தினான். லொறென்ஸ் அம்மாளின் வாசலில் வழக்கமாக இருக்கும் பூச்சட்டி தாண்டியது. அதற்குப் பிறகு வர வேண்டிய வாசல் வரவில்லை. படி திரும்பியது. மறுபடியும் திரும்பியது. கால் நினைவில் ஏறிக்கொண்டிருந்தவன், பானை இரண்டு பக்கமும் சுவரில் உராய்கிறது என்பதைச் சத்தத்தால்தான் அறிந்தான்.

இந்தப் படிக்கட்டில் இரண்டு பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகலாம். பானை எப்படி உராயும்?

'டிக்.'

இருட்டு.

கையை நீட்டிச் சுவிட்சைத் தேடினான். வழவழப்பான எண்ணெய்ப் பூச்சு இல்லை. கைபிடி இல்லை. ஈரமாக, சொரசொரவென்று, விரலில் தூள் ஒட்டியது. செங்கல். நாற்றம் முகத்தில் அறைந்தது. எங்கேயோ உயரத்தில் ஒரு புறா சிறகடித்தது.

"இஞ்சாருங்கோ."

கீழே. ஒரு சுற்றுக் கீழே.

பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். பேசாதே. பேசாமல் நில்.

"இஞ்சாருங்கோ."

இரண்டு. சரி. இரண்டுதான். இப்போது போய்விடும். ஒவ்வொரு நாளும் போகிறதுதானே. அவன் கண்ணை மூடினான். கீழே மூச்சு இழுபட்டது. விட்டது. இழுபட்டது.

"பிரவீணன்."

மூன்றாம் தரம்.

அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. அதுதான் அவனைக் கொன்றது. கோபமாகக் கூப்பிட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஒரு 'ஓம்' போதும். அன்றைக்குச் சொல்லாத அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று அவனுக்கு விளங்கியது. வாயைத் திறந்தான். இறங்கிப் போக வேண்டியவன், பயத்தில் இரண்டாம் முறையும் மேலே ஓடினான்.

பானை கையிலிருந்து நழுவிச் சுவரில் மோதி மோதி உருண்டு இறங்கியது. அது கீழே போய் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நெஞ்சு பூட்டிக்கொண்டது. காற்று உள்ளே வந்தது, வெளியே போகவில்லை. பிறகு உள்ளேயும் வரவில்லை. முழங்கால் மடிந்தது. படி திரும்பும் இடத்தில் சுவரோடு சாய்ந்தான். நகங்கள் செங்கல்லைப் பிறாண்டின.

மேலே வெளிச்சம் தெரிந்தது. மஞ்சள் கண்ணாடி. அவன் வீட்டுக் கதவு. ஒரே ஒரு சுற்று.

"யதுசா!"

அவள் நடந்துவரும் சத்தம். பூட்டில் திறப்புத் திரும்பும் சத்தம். நல்ல பிள்ளை. என்ரை நல்ல பிள்ளை.

அப்போது அவன் வலக்கையை யாரோ தூக்கினார்கள். குளிர்ந்த விரல்கள். உள்ளங்கையில் சின்னதாக, வழவழப்பாக ஒரு பொருள் வைக்கப்பட்டது. பிறகு அவன் விரல்கள் மடிக்கப்பட்டன. முதலில் சின்ன விரல். பிறகு அடுத்தது. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, அவன் அன்றைக்குக் கோபுரப் படியில், யாரும் ஏறி வருவதற்கு முன், அவள் விரல்களை மடித்த அதே ஒழுங்கில். கையை உயர்த்த முயன்றான். உயரவில்லை.

கைகள் அவனை விட்டன. ஒரு துணி அவன் முகத்தை உரசிக்கொண்டு போனது. காலடிச் சத்தம் அவனைத் தாண்டி மேலே ஏறியது, நிற்காமல், இளைக்காமல், ஓட்டப் பழக்கம் உள்ள ஒருவருடைய கால்களைப் போல.

கதவு திறந்தது. வாசல் வெளிச்சத்தில் யதுசா தனியாக நின்றாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் சாய்ந்திருந்த இடத்தை நேராகப் பார்த்தாள். அவளுக்கு அங்கே இருட்டுத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

"யது... சா."

இரண்டு.

பிள்ளையின் உதடு அசைந்தது. எண்ணினாள். கதவைப் பிடித்தபடி, அவன் சொல்லிக் கொடுத்தபடியே, பொறுத்து நின்றாள். இன்னும் ஒரு தரம் கூப்பிட்டால் போதும், ஓடி வந்துவிடுவாள். அவன் வாயைத் திறந்தான். சுருங்கிப்போன நெஞ்சின் அடியிலிருந்து தன் முழுப் பலத்தையும் திரட்டினான். உதடு அவள் பெயரின் முதல் எழுத்தைப் பிடித்தது.

சத்தம் வரவில்லை.

அவள் காத்திருந்தாள்.

வீட்டுக்குள்ளிருந்து, அடுப்படிப் பக்கமாக, இருமலோ இழுப்போ இல்லாத ஒரு தெளிந்த குரல் கேட்டது.

"பிள்ளை."

யதுசா திரும்பினாள். பேசவில்லை.

"பிள்ளை, உள்ளை வா."

அவள் இன்னும் பேசவில்லை. முகம் மட்டும் மெல்ல மலர்ந்தது. ஒரு வருடமாக அவன் காணாத மலர்ச்சி.

"யதுசா."

"ஓம் அம்மா," என்றாள் பிள்ளை. "வாறன்."

கதவு மூடியது. உள்ளே பூட்டில் திறப்பு திரும்பியது. படியில் எஞ்சியது கண்ணாடியின் மஞ்சள் வெளிச்சம் மட்டும்.

'டிக்.'